லென் கடையில் காற்றுப்போன சில்லு

சைக்கிள் கடையில் வேலை செய்கிறவனுக்கு முதலில் வருவது இடுப்பை நிமிர்த்த விடாத நாரிப்பிடிப்பு, அடுத்து வருவது மற்றவர்களின் கதை. இரண்டுக்கும் இந்த நாட்டில் மருந்தில்லை. பெற்றோல் நிலையத்திலோ பலசரக்குக் கடையிலோ கால்கடுக்க நின்ற உங்களுக்கு இதை நான் விளக்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் ஒரு கூட்டம்தான்.

எனக்கு மேலதிகமாக இன்னொரு வியாதி: விடுப்பு. ஒருவருடைய சங்கதி அரைகுறையாகக் காதில் விழுந்தால், மிச்சத்தையும் கேட்டு முடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்த காலத்திலேயே இதற்காகப் பேச்சு வாங்கியவன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு ஓடிவந்து, கிழக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் லென் என்ற வெள்ளைக்காரரின் சைக்கிள் கடையில் பத்து வருடம் நின்றேன். லென் ஐம்பதுகளில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டப்போட்டி ஓடியவர். விடுப்புக்காரனுக்கு இதைவிட நல்ல முதலாளி கிடைப்பானா? அவர் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம். அதை என் வாயில் வருகிற தமிழில்தான் இங்கே தருகிறேன்.

அரிசி மூட்டை

கடைக் கண்ணாடியில் ‘ஆள் தேவை’ என்று ஒரு மட்டை தொங்கியது. சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு போனேன். லென் கட்டையான மனிதர், அறுபதை நெருங்கியவர். தலைமயிர் போய்விட்டது, ஆனால் கெண்டைக்கால் இரண்டும் அப்படியே இரும்பு. ஃபைலை அவர் திறக்கவே இல்லை. “நீ சைக்கிள் ஓடியிருக்கிறியோ?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தானைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வீட்டிலிருந்து கச்சேரிக்கு ஒன்பது மைல். முன் பாரில் மனைவி, அவளை வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்கவேண்டும், அவள் ரீச்சர். திரும்பி வரும்போது கரியரில் அரிசி மூட்டை, பாரில் மறுபடி மனைவி. சோளகக் காற்று என்றால் முகத்தில் மண் அள்ளிக் கொட்டும். பன்னிரண்டு வருடம் இப்படி. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். லென் கையிலிருந்த, நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“மனுசி முன்னால, அரிசி பின்னால, முகத்தில காத்து. அப்ப என்ரை தொழிலைப்பற்றி உனக்கு நான் ஒண்டும் சொல்லித்தரத் தேவையில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு வா.”

சாட்டு

அவர் சொன்னது விளங்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள் குழுவாகத்தான் ஓடுவார்களாம். ஒரு குழுவில் ஒருவன்தான் தலைவன். மற்றவர்கள் அவனுக்கு முன்னால் ஓடிக் காற்றை மறைக்கவேண்டும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், அவனுடைய சில்லில் காற்றுப் போனால் தங்கள் சில்லைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். லென்னின் தலைவர் ஃபிராங்க். பிரான்சைச் சுற்றி மூன்று வாரம் ஓடுகிற அந்தப் பெரிய ஓட்டத்துக்கு இருவரும் ஒன்றாகப் போனவர்கள்.

கடையின் பின்னறையில் ஒரு முன்சில்லு தொங்கியது. காற்றுப் போய், ரயர் தொய்ந்து, அதில் ஒரு சப்பாத்து ஆணியின் தலை வெளியே தெரிந்தபடி இருக்கும். அது ஃபிராங்கின் சில்லு. மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஆணி ஏறிவிட்டது. லென் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்து ஃபிராங்கைத் தள்ளி அனுப்பினார். தோளில் கட்டியிருந்த மாற்று ரயரையும் அன்று காலையே கொடுத்தாகிவிட்டது. குழுவின் கார் தலைவனுக்குப் பின்னால் போய்விட்டது. ஓட்டத்தின் கடைசியில், கூட்டுகிற தும்புத்தடி கட்டிய ஒரு வான் வரும். ஓட ஏலாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிற வான். அதில் லென்னையும் ஏற்றி, முதுகிலிருந்த இலக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஃபிராங்க் ஓட்டத்தை முடித்துப் பெயர் எடுத்தார். பிறகு தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். அதில், அந்த மலையில் தனக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை என்று இருக்கிறது. நானே வாசித்தேன்.

லென்னுக்கு உலகம் நம்பவேண்டும் என்றில்லை. அவருடைய மனைவி டோரிஸ் நம்பினால் போதும். அவர் பிரான்சிலிருந்து திரும்பிய அடுத்த வருடம்தான் கல்யாணம். டோரிஸின் தகப்பன் கல்யாண மேசையிலேயே “பாதியில விட்டிட்டு வாற மாப்பிள்ளை” என்று பகிடி விட்டவராம். அன்று தொடங்கிய சண்டை, முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு இராமல், சில்லைக் காட்டி டோரிஸிடம் கேட்டேன். அவர் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அது ஏலாமல் விட்டிட்டு வந்தது, சேகர். சாட்டுச் சொல்லித் தப்ப ஒரு சில்லு. ஆணியையும் அவரே அடிச்சிருப்பார்.”

ஆறு மணித்தியாலம்

மணியம் மலேசியத் தமிழர். படிக்க வந்து எஞ்சினியராகி இங்கேயே தங்கிவிட்டவர். சனிக்கிழமைகளில் வந்து, ஒன்றும் வாங்காமல் ஒரு மணி நேரம் நிற்பார். அவருக்கும் என்னுடைய வியாதிதான், ஆனால் என்னைவிடத் துணிச்சல் கூட. ஒருநாள் லென்னிடம் நேரே கேட்டுவிட்டார்: “ஆமா, தினம் ஆறு மணி நேரம் சைக்கிள்லயே இருந்தீங்களே, ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணீங்க?” இதே கேள்வியை எட்டு மாதமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். காதைத் தீட்டிக்கொண்டு கிட்டப் போனேன். லென் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடியே பதில் சொன்னார்.

“இறக்கத்தில, ஓடிக்கொண்டே. முன்னால போறவனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.”

வெள்ளிக்கிழமை

சாப்பாட்டு விசயத்திலும் நான் விடவில்லை. தோளில் மாட்டுகிற துணிப்பையில் கோழிக்கால், சோற்றுக்கட்டி, வாழைப்பழம். போத்தலில் ஆறின தேத்தண்ணி. எல்லாம் ஓடிக்கொண்டே விழுங்கவேண்டும். இதுவரை சரி. பிறகு, நாள் முழுக்க சீற்றில் இருந்தால் தோல் உரிந்துவிடாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. பச்சை இறைச்சித் துண்டு ஒன்றை வாங்கிக் காற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவார்களாம். புண்ணுக்குக் குளிர்ச்சியாம்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் குளித்துத் திருநீறு பூசி, மரக்கறிச் சோற்றுப் பெட்டியைத் திறந்து முதல் பிடியை வாயில் வைத்திருந்தேன். “ஐயோ லென், வெள்ளிக்கிழமை பார்த்தோ இந்தக் கதையைச் சொல்லுறியள்! நான் இண்டைக்கு இறைச்சியின்ரை பேரையே காதில விழுத்திறேல்லை” என்று பெட்டியை மூடினேன். அவர் கத்தோலிக்கர், அவர்களுக்கும் வெள்ளிக்கிழமையில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும். முகத்தை மிகவும் பக்தியாக வைத்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தினார்.

“பயப்பிடாதை, வெள்ளிக்கிழமையில நாங்கள் மீன் வைச்சுக்கொண்டுதான் ஓடினனாங்கள்.”

மனுசி எங்கே இருக்கிறது?

எங்கள் ஆட்கள் பார்க்கிங்கில் கூடக்கூடக் கடைக்கும் வந்தார்கள். அதில் ஒருவர் நவம். பிஸ்கட் தொழிற்சாலையில் விடிய ஆறு மணி ஷிப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. வந்தவர் கண் நேரே லென் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய ஓட்டச் சைக்கிளில் விழுந்தது. தூக்கிப் பார்த்தார், இரண்டு விரலில் தூக்கினார், “இதுதான் வேணும்” என்றார். லென்னுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நல்ல சைக்கிளை அறிந்த ஒருவன் வந்திருக்கிறானே!

அடுத்ததாக நவம் பட்டியல் போட்டார்: மட்காட் போடவேணும், ஸ்டாண்ட் போடவேணும், டைனமோ, பெல், சங்கிலிக்கு மூடி, பின்னால் பெரிய கரியர். ஒவ்வொன்றையும் நான் மொழிபெயர்க்க லென்னின் முகம் சுருங்கிக்கொண்டு போனது. பாரம் குறைக்கவென்று கம்பி கம்பியாகத் தேர்ந்து பூட்டிய சைக்கிள் அல்லவா! “இதில எல்லாத்தையும் கழட்டி எறியிறதுக்கு நான் முப்பது வருசம் எடுத்தனான் எண்டு அவருக்குச் சொல்லு” என்றார். நான் சொன்னேன். நவம் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“அண்ணை, இவர் நல்ல மனுசன், நான் பிழை சொல்லேல்லை. ஆனா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகேக்கை என்ரை மனுசி இதில எங்க இருக்கிறது?”

குரோய்டன்

விசாக் கடிதம் வந்து, நான் குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தது. அந்தக் கட்டடத்தின் பெயரைக் கேட்டாலே எங்களில் பாதிப்பேர் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? அன்று ரெயில் வேலைநிறுத்தம். லென் தன்னுடைய பழைய சைக்கிளையே எடுத்துத் தந்தார். அதன் சட்டத்தில் அவருடைய முழுப்பெயரும் வெள்ளை எழுத்தில் இருந்தது. ஆற்றை இலவசப் படகில் கடந்து, தெற்கு லண்டன் மேடெல்லாம் ஏறி இறங்கி, நேரத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்தேன்.

வாசல் காவலாளி வயதான வெள்ளைக்காரர். என் கடிதத்தைப் பார்க்கவில்லை, சைக்கிளின் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. “தெரியுமோ இவரை? நான் இவரிட்டைத்தான் வேலை செய்யிறன்” என்றேன். அவர் சொன்ன பதிலை நான் லென்னிடம் சொல்லவே இல்லை. அன்று உள்ளே போய் வரிசையில் இருந்தபோது என் விசாவைவிட அதுதான் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

“தெரியாமல் என்ன? மலையைக் கண்டோடனை இறங்கி வானில ஏறின ஆள்தானே.”

நல்ல தையல்

இனிச் சொல்லப்போவது நான் செய்த விசர் வேலை, முழுப் பைத்தியக்காரத்தனம். லென் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார், பத்து நாள். போகும் முன் ஒரு கடிதம் வந்திருந்தது. மல்கம் என்ற பள்ளிக்கூட வாத்தியார் பழைய ஓட்டக்காரரைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதுகிறாராம். அடுத்த மாதம் ஃபிராங்கையே கடைக்குக் கூட்டிவருகிறாராம். லென் அந்தக் கடிதத்தை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “பின்னறையைக் கொஞ்சம் ஒதுக்கி வை” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஒதுக்கினேன். கூட்டினேன், சுவருக்குப் பெயின்ற் அடித்தேன். எல்லாம் பளிச்சென்று வந்த பிறகு, நடுவில் அந்தச் சில்லு தொய்ந்துபோய்த் தொங்கியது. சைக்கிளோடு சீவித்தவனுக்குக் காற்றுப்போன சில்லைக் கண்டால் கை சும்மா இராது. அதுவும் விருந்தாளி வருகிற வீட்டில்! சில்லுத்தானே சாட்சி, காற்று இல்லாததோ சாட்சி என்று என் மண்டை எனக்குச் சமாதானம் சொன்னது. ஓட்டச் சைக்கிள் ரயர் எங்களுடையதுபோல இல்லை. ரியூபை உள்ளே வைத்துத் தலையணை உறைபோலத் தைத்திருப்பார்கள். தையலைப் பிரித்தேன். பழைய ரியூப் அப்பளமாய் நொருங்கியது. புதிது வைத்து, மனைவியின் ஊசியால் இரண்டு பின்னேரம் இருந்து தைத்தேன். ஆணி பித்தளை, தலை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. குப்பை வாளிக்குள் போட்டேன். வியாழக்கிழமை கவுன்சில் லொறி கொண்டுபோய்விட்டது.

லென் பொல்லு ஊன்றிக்கொண்டு வந்தார். பின்னறைக்குள் போனவர் சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். கல்லுமாதிரி இருந்தது. ஆணி எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஏசியிருக்கலாம், வேலையால் நிற்பாட்டியிருக்கலாம். கதிரையில் மெல்ல இருந்து, தைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

“எனக்காகக் கதைக்க இருந்தது உது ஒண்டுதான், சேகர். பரவாயில்லை. நல்ல தையல்.”

தேத்தண்ணி

ஃபிராங்க் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். நெடுத்த மனிதர், நல்ல கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி. மல்கம் கொப்பியோடு பின்னால் வந்தார். ஃபிராங்கும் லென்னும் பழைய கதையெல்லாம் கதைத்துச் சிரித்தார்கள். பிறகு லென் பொல்லால் சில்லைக் காட்டினார். அதைப்பற்றி அவர் ஃபிராங்குக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. ஃபிராங்க் கொளுக்கியிலிருந்து அதை எடுத்தார், சுழற்றினார், ரயரை அமத்தினார். “இதில ஒரு குறையும் இல்லையே, லென். இதைப் பூட்டிக்கொண்டு இப்பவே நான் மலை ஏறுவன்” என்றார். மல்கம் சிரித்துக்கொண்டு எழுதினார். டோரிஸ் தட்டத்தோடு வாசலில் நின்றார். நான் அப்பவே சொன்னேனே என்ற முகம். லென் தன் பொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொதி தலைக்கேறிவிட்டது. “அதை நான்தான் பிரிச்சுத் தைச்சனான், ஐயா. உள்ளுக்குள்ள இருந்து ஒரு கல் வந்தது. கறுப்புக் கல், பயறு அளவு” என்றேன். பச்சைப் பொய். வேண்டுமென்றுதான் சொன்னேன். பிழையாக ஒன்றைச் சொன்னால் திருத்தாமல் இருக்க ஏலாத மனிதர்கள் உண்டு. கச்சேரியில் சனத்தோடு மாரடித்துப் படித்த ஒரே வித்தை அதுதான்.

“கல்லில்லை” என்றார் ஃபிராங்க், சட்டென்று. “சப்பாத்து ஆணி. பித்தளை. தலை ஒரு பக்கம் தேஞ்சது, நான் குனிஞ்சு பாத்தனான், லென் அதுக்குள்ள தன்ரை சில்லைக் கழட்டி...” அவ்வளவுதான். வாய் நின்றுவிட்டது. மல்கமின் பேனையும் நின்றது.

ஃபிராங்க் அங்கிருந்த ஸ்டூலில் இருந்தார், நல்ல கோட்டில் எண்ணெய் படுவதையும் பார்க்கவில்லை. அந்த மலை ஏறி முடித்த அன்று பின்னேரம் ஒரு பத்திரிகைக்காரன் சில்லுக் கரைச்சல் ஏதும் இருந்ததோ என்று கேட்டானாம்; களைப்பில் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அடுத்த நாள் இன்னொருவன் கேட்டானாம். பிறகு மாற்றிச் சொல்ல வெட்கமாகப் போய்விட்டதாம். “நீ ஒருக்கா வந்து கேட்டிருக்கலாமே, லென்?” என்றார், கண் கலங்கி. லென் சொன்னார்: “செய்தது என்ரை வேலை. வேலையைச் செய்துபோட்டு, அதைச் சொல்லு எண்டு ஆள் பின்னால திரியிறதோ?”

நானும் அழுதேன், மறைப்பானேன். டோரிஸ் வாசலிலிருந்து உள்ளே வந்தார். தட்டத்தை மேசையில் சாவிகளுக்கும் எண்ணெய்ச் சீலைகளுக்கும் நடுவில் வைத்தார். முதல் கோப்பையை விருந்தாளிக்குக் கொடுக்கவில்லை, லென்னுக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவருடைய மொட்டைத் தலையில் கையை வைத்தபடி, ஃபிராங்கைப் பார்த்தார்.

“இதை நீ அப்பவே சொல்லியிருந்தால், நானும் இந்த மனுசனும் பிடிச்ச சண்டையில பாதி நடந்திராது. மற்றப் பாதிக்கு இவர்தான் காரணம், அதில நீ தலையிடத் தேவையில்லை.”

மல்கமின் புத்தகம் வந்தபோது மலை, வான், சில்லு, ஆணி எல்லாம் சரியாகவே இருந்தன. என்னை மட்டும் ‘கடையில் நின்ற ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள், நானும் போய்க் கேட்கவில்லை.